பாதையை விட்டு இறங்கியதற்கான காரணம்

1

நேத்து வேலைக்குப் போனப்ப என் மேசை லாச்சிக்குள்ள ஒரு கடிதம் கிடந்துச்சு. கவுண்டி ஆபீஸ் முத்திரை குத்தின கடிதம். போன செப்டம்பர்ல நடந்த விபத்து பத்தின கோப்பை மூடியாச்சாம். பாதையில ஒரு குறையும் இல்லையாம். நடந்து போனவங்க தங்களோட சொந்த விருப்பத்துல பாதையை விட்டு எறங்கியிருக்காங்களாம். ஆகையால யார் மேலயும் பிழை இல்லையாம். கடைசி வரியில, அவங்க நல்லபடியா குணமாகியிருப்பாங்கன்னு நம்புறோம்னு எழுதியிருந்துச்சு.

அந்த நடந்து போனவங்க என் கூடப்பொறந்த அக்கா. குணமாகல. இலங்கையில மாத்தளைக்கு மேல, நாங்க பொறந்த அதே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு கட்டில்ல கிடக்கு. கக்கூசுக்குப் போகணும்னாலும் பக்கத்து வீட்டுப் பொம்பளையைக் கூப்பிடணும்.

கடிதத்தை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் புல்லு வெட்டப் போயிட்டேன். வேற என்னத்தைச் செய்ய? அந்தப் பாதையில புல்லு வெட்டுறதுதான் என் வேலை. அந்தக் கோப்போட மொதல் தாளை எழுதினவனும் நான்தான். அதுல ஒரு பொய் எழுதியிருக்கேன். பொறகு ஊர்ல வச்சு இன்னொரு பொய் சொன்னேன். ரெண்டையும் சொல்லத்தான் இப்ப ஒக்காந்திருக்கேன்.

2

மொதல்ல பாதையைப் பத்திச் சொல்லிடுறேன். இல்லாட்டி உங்களுக்கு நம்பிக்கை வராது.

நாங்க இருக்கிறது கனடாவுல ஒரு நாட்டுப்புறக் கவுண்டி. நம்ம பக்கத்துப் பிரதேச சபைன்னு வைங்களேன். சோளக் காடு, மாட்டுப் பண்ணை, தூரத்துக்கு ஒரு வீடு. முன்னொரு காலத்துல இதுக்குள்ள ரயில் ஓடியிருக்கு. அது நின்னு போனதும் தண்டவாளத்தைக் கழட்டி எடுத்துட்டு, அந்த மேட்டு மேலயே பொடிக் கல்லைக் கொட்டி இறுக்கி, நடக்கிறவங்களுக்கும் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் பாதை ஆக்கிட்டாங்க. சில நாள் குதிரையும் வரும். கார், லொறி மட்டும் கூடாது. நான் அதுல புல்லு வெட்டுறேன், விழுந்த மரத்தை அறுக்கிறேன், மழை அரிச்ச எடத்துல கல்லுப் போடுறேன், பலகை சாஞ்சா நிமித்துறேன். மாத்தளையில ரயில் பாதை முடிஞ்சு போற எடத்துல வளந்தவன் நான். இங்க வந்து செத்துப் போன ரயில் பாதையைப் பாத்துக்கிறேன்.

ஞாயித்துக்கிழமையில வந்து பாக்கணும். ஜனங்க கார்ல வருவாங்க. காரை நிப்பாட்டிட்டு இறங்கி நடப்பாங்க. நடந்து முடிச்சு மறுபடி கார்ல ஏறிப் போவாங்க. எங்க ஊர்ப் பக்கம் பல்லேபொலையில த்ரீவீல் ஆட்டோ ஓட்டுற காதர் நானாகிட்ட இதைப் போன்ல சொன்னப்ப மனுசன் நம்பவே இல்லை. "நடக்கிறதுக்கு கார்ல வர்றாங்களா? யா அல்லாஹ்! வில்கமுவையில பஸ் வராம நெல்லு மூட்டையோட நடக்கிறவனை அந்தாளுகளுக்குக் காட்டுங்க தம்பி, ரெண்டு நாள்ல நோய் தீந்துரும்"னாரு.

பாதை தொடங்குற எடத்துல ஒரு பலகை நிக்கும். நடக்கிறவங்க வலது பக்கமாப் போகணும். பின்னால வர்ற சைக்கிள்காரங்க மணி அடிச்சுட்டு இடது பக்கமாத் தாண்டணும். அவ்வளவுதான் சட்டம். யாரும் யாருக்காகவும் பாதையை விட்டு எறங்கத் தேவையில்லை.

3

எங்க அம்மா சாகுறப்ப எனக்கு ரெண்டு வயசு, அக்காவுக்குப் பதினாலு. அப்பா இருந்தாரு, ஆனா இல்லை. குடிதான். அக்கா தோட்டத்துல பேரு பதிஞ்சு கொழுந்து எடுக்கப் போச்சு. நான் மாத்தளை டவுனுக்குப் படிக்கப் போனேன். பொண்ணு கேட்டு வந்தவங்க எல்லாருக்கும் அக்கா ஒரே பதில்தான் சொல்லுச்சு: "தம்பி படிச்சு முடிக்கட்டும்." நான் படிச்சு முடிச்சப்ப பொண்ணு கேட்டு வர ஆள் இல்லை.

தோட்டத்து ரோட்டுல நடக்கிறதுக்கு ஒரு முறை இருந்துச்சு. இப்ப உள்ள இளசுகளுக்கு இது தெரியாது, தெரிஞ்சாலும் செய்ய மாட்டாங்க, நல்லது. தொரையோட ஜீப்பு பின்னால வந்து பாம்பாம்னு கோன் அடிச்சா நடக்கிற ஆளு ஓரம் போனாப் பத்தாது. ரோட்டை விட்டே எறங்கணும். ஓரத்துக் கானுக்குள்ள எறங்கி நிக்கணும், மழைத் தண்ணி முழங்காலுக்கு ஓடினாலும் சரி. குடை பிடிச்சிருந்தா மடக்கணும். முகத்தைப் பாக்கக்கூடாது, குனிஞ்சு நிக்கணும். ஜீப்பு போன பொறகு ஏறி வந்து நடக்கலாம். யாரும் எழுதி வச்ச சட்டம் இல்லை. எறங்காதவனுக்கு மறுநாள் காலையில பேரு கூப்பிடுற பிரட்டுக்களத்துல வேலை இருக்காது, அவ்வளவுதான்.

அக்கா அப்படி எறங்கி எறங்கியே நாப்பது வருசம் வேலை செஞ்சுச்சு.

4

ரெண்டு வருசத்துக்கு முந்தி அக்காவை இங்க கூப்பிட்டோம். என் பொஞ்சாதி சாந்தி வயசானவங்க இல்லத்துல வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். மக நிரோஷா அப்ப நைன்த் கிரேடு. ஸ்கூல்ல அவ நிரோ. வீட்டுலயும் இப்ப நிரோதான். வீட்டுல ஒரு பெரிய ஆள் இருந்தாப் புள்ளைக்கு ரெண்டு வார்த்தை தமிழ் வருமேன்னு ஒரு ஆசை. விசாவுக்கு நான் பட்ட பாட்டை எழுதினா இந்தப் பக்கம் பத்தாது. அடையாள அட்டையில லெட்சுமி, பிறப்புச் சான்றுல லட்சுமி, தோட்டத்து செக்ரோல் பதிவுல வெறும் லெச்சி. மூணும் ஒரே ஆள்னு நிரூபிக்கவே ஆறு மாசம் ஆச்சு.

வந்த மொத வாரமே அக்காவைப் பாதைக்குக் கூட்டிட்டுப் போனேன். என் வேலை எடத்தைக் காட்டணும்னு ஒரு பெருமை. பொடவைக்கு மேல சாந்தியோட ஜாக்கெட்டு, காலுல வெள்ளைச் சப்பாத்து. நூறு அடி நடந்திருக்க மாட்டோம், பின்னால சைக்கிள் மணி. திரும்பிப் பாக்கிறேன், அக்காவைக் காணோம். கீழ புல்லுக்குள்ள எறங்கி, கையைக் கட்டி, குனிஞ்சு நிக்குது.

எனக்கு சிரிப்பும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு.

"அக்கா, மேல வா! இது தொரை ரோடு இல்லை. இது பொதுப் பாதை. ஒனக்கும் இதுல பங்கு இருக்கு."

"இருக்கட்டுமேடா. எறங்கினா என்ன கொறஞ்சா போயிரும்? வயசான மனுசன், பாவம், சைக்கிளை வளைக்கச் சிரமப்படுவாரு."

"அதுக்குத்தான் அவருக்கு இடது பக்கம் இருக்கு!"

அந்த வெள்ளைக்கார மனுசன் தாண்டிப் போறப்ப தேங்க்யூன்னு சொன்னாரு. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, தொரைமாரு எனக்குத் தேங்க்யூ சொல்றாங்க"ன்னு சாந்திகிட்ட போயி ரெண்டு நாளைக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன். சரி சரிங்கும். மணி கேட்டா எறங்கிரும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க, அதை நெனைச்சு விட்டுட்டேன். விட்டிருக்கக்கூடாது.

5

நிரோவைப் பத்திச் சொல்றதுக்குத்தான் கை வர மாட்டேங்குது.

கெட்ட புள்ள இல்லை. ஆனா அக்கா வந்ததுல இருந்து புள்ளைக்கு ஒரு கூச்சம். அக்கா சாயங்காலம் ஸ்கூல் பஸ் நிக்கிற எடத்துக்குப் போயி நிக்கும், பொடவை, ஜாக்கெட்டு, சப்பாத்தோட. கையில ஒரு டப்பாவுல ரொட்டி. புள்ள எறங்கினதும் பையை வாங்கித் தன் தோள்ல போட்டுக்கும். எங்களுக்கு அது பாசம். பஸ் ஜன்னல்ல இருந்து பாக்குற புள்ளைகளுக்கு அது வேடிக்கை.

ஒரு நாள் நிரோ என்கிட்ட இங்கிலீசுல சொன்னா: "அத்தையைப் பஸ்ஸுக்கு வரவேணாம்னு சொல்லுங்க அப்பா. யாருன்னு கேக்குறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு." அக்கா அடுப்படியிலதான் நின்னுச்சு. நிரோவுக்குத் தமிழ் வா, சாப்பிடு, குளின்னு அந்த அளவுக்குத்தான். அக்காவுக்கு இங்கிலீசு தேங்க்யூ மட்டும்தான். ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் ஏஜெண்டு.

"என்னடா சொல்லுது புள்ள?"ன்னு கேட்டுச்சு அக்கா.

"வெளிய குளிரு கூடிப் போச்சாம். அத்தைக்குச் சளி பிடிக்கும், பஸ்ஸுக்கு வரவேணாம்னு சொல்றா."

"அட என் தங்கமே!"ன்னு அக்கா அவ கன்னத்தை வழிச்சுச்சு. மறுநாள்ல இருந்து போகல. எவ்வளவு சாமர்த்தியமா முடிச்சுட்டேன்னு எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன்.

6

போன செப்டம்பர், ஒரு சனிக்கிழமை காலையில அக்கா தனியா நடக்கப் போச்சு. அது வழமைதான். பாலத்துல இருந்து மூணாவது பெஞ்சு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும். அன்னைக்குப் பாலத்துக்குக் கிட்ட, மேடு ஒசரமா இருக்கிற எடத்துல, பின்னால சைக்கிள் வந்திருக்கு. மணி அடிச்சிருக்காங்க. அக்கா எறங்கியிருக்கு. சைக்கிள் போன பொறகு திரும்பி ஏறப் பாத்தப்ப கல்லு சறுக்கி, கீழ வாய்க்கால் வரைக்கும் உருண்டு போச்சு. நாயோட நடந்து வந்த ஒரு கெழவனும் கெழவியும்தான் முனகுற சத்தம் கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்காங்க.

இடுப்பு எலும்பு ரெண்டா முறிஞ்சு போச்சு. ஆபரேசன் செஞ்சாங்க. டாக்டர் சின்னப் பொண்ணு, நல்ல மாதிரி. "பாதை அகலமாத்தானே இருக்கு, ஏன் எறங்கினாங்க?"ன்னு கேட்டுச்சு. அக்காகிட்ட கேட்டேன். "சைக்கிள் வந்துச்சு, எறங்கினேன்"னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிச்சு. யாரு வந்தாங்கன்னு கேட்டதுக்கு, "நான் எங்கடா பாத்தேன்"னுச்சு.

பாதையில ஒரு விபத்துன்னா பராமரிப்புக்காரன் ஒரு வாரத்துக்குள்ள படிவம் நிரப்பிக் குடுக்கணும். அந்தப் பராமரிப்புக்காரன் நான். சொந்தக்காரன்னா வேற ஆளு எழுதணும்னு ஒரு விதி இருக்காம், ஆனா வேற ஆளு லீவுல. ஏழாவது கேள்வி: பாதையை விட்டு இறங்கியதற்கான காரணம். பதில் எழுத ஒரு விரக்கடை எடம்.

நான் தனித்தாள்ல ரெண்டு பக்கம் எழுதினேன். தோட்டம், ஜீப்பு, கான், குடை, பிரட்டுக்களம் எல்லாம் எழுதினேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசையெல்லாம் கொட்டினேன். எழுதுறப்ப அழுகை வந்துச்சு, எழுதி முடிச்சதும் ஒரு திமிரும் வந்துச்சு. வாசிச்சுப் பாருங்கடா, எங்களை எப்படி வச்சிருந்தீங்கன்னு. என் மேலதிகாரி நிதானமா ரெண்டு பக்கத்தையும் வாசிச்சாரு. தோள்ல கை வச்சு, ரொம்ப வருத்தமா இருக்குன்னாரு. பொறகு, "இந்தக் கட்டத்துக்குள்ள அடங்குற மாதிரி ஒரு வார்த்தை போடு"ன்னாரு.

பழக்கம்னு போட்டேன்.

7

எட்டாவது கேள்வி: சைக்கிளில் வந்தவர்கள் யார் என்று தெரியுமா?

அதை நிரப்புறதுக்கு மொத நாள், ஆஸ்பத்திரியில இருந்து நிரோவைக் கார்ல கூட்டிட்டு வந்துக்கிட்டிருந்தேன். நாலு நாளா புள்ள சரியாச் சாப்பிடல. அத்தை மேல இவ்வளவு பாசமான்னு நான் உள்ளுக்குள்ள பூரிச்சுக்கிட்டிருந்தேன், மடையன். பெட்ரோல் செட்டுக்கிட்ட வந்தப்ப, "அப்பா, காரை நிப்பாட்டுங்க"ன்னா.

"அது நாங்கதான் அப்பா. நாங்க அஞ்சு பேரு. மணி அடிச்சது நான்."

ஓரமா நிப்பாட்டி இஞ்சினை அணைச்சேன்.

"நான் மணி அடிக்கிறப்பவே அத்தைன்னு தெரியும். கிட்டப் போறப்ப அவங்க புல்லுக்குள்ள எறங்கி, கீழ பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் நிக்கல. தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி தேங்க்யூன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். விழுந்தது தெரியாது அப்பா. சத்தியமா. நான் திரும்பிப் பாக்கல."

கை ஓங்கிட்டேன். அடிக்கல. ஸ்டீயரிங்ல குத்தினேன், கோன் அலறிச்சு, பக்கத்துல பெட்ரோல் அடிச்சுக்கிட்டிருந்த ஆளு திரும்பிப் பாத்தான். "அம்மாகிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. அத்தைகிட்ட சொல்லவே சொல்லாத"ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. புள்ளையைக் காப்பாத்தவா? இல்லை, யாரோ வெள்ளைக்காரங்கன்னு நெனைச்சு ரெண்டு பக்கம் வீரமா எழுதினேனே, அந்த மானத்தைக் காப்பாத்தவா?

எட்டாவது கேள்விக்கு, தெரியாதுன்னு எழுதினேன்.

8

விசா முடிஞ்சுச்சு. நீட்டலாம்னேன். அக்கா மாட்டேன்னுருச்சு. "என்னைய கொண்டு போயி விட்டுருடா. செத்தாலும் அங்க சாவுறேன்." டிசம்பர் லீவுல கூட்டிட்டுப் போனேன். நானும் வர்றேன்னு நிரோவே கேட்டா.

வேன் தோட்டத்துப் பாலம் வரைக்கும்தான் போகும். அங்க இருந்து வீல் சேர்ல வச்சு மேல தள்ளிக்கிட்டுப் போனோம். லயத்துல இருந்து ஆறுமுகம் அண்ணனும் அவரு மருமகனும் வந்திருந்தாங்க. பாதி ஏத்தத்துல பின்னால ஜீப்பு கோன். ஆறுமுகம் அண்ணன் கையை விட்டுட்டுக் கானுக்குள்ள எறங்கிட்டாரு, எழுவது வயசு. மருமகன் எறங்கல, ஓரமா நின்னு செல்போனைப் பாத்துக்கிட்டிருந்தான். அக்கா வீல் சேர்ல இருந்து துடிக்குது. "தள்ளுடா, ஓரம் தள்ளு, ஐயா வர்றாரு"ன்னு சக்கரத்தைக் கையால உருட்டப் பாக்குது. ஜீப்பு என்னமோ ஒதுங்கித்தான் போச்சு. டிரைவர் கை கூட காட்டினான்.

நிரோ ஆறுமுகம் அண்ணனையே பாத்துக்கிட்டு நின்னா. அவரு ஏன் எறங்கினாருன்னு கேட்டா. நடக்க நடக்க எல்லாத்தையும் சொன்னேன், கவுண்டிக்காரன் வாங்காத அந்த ரெண்டு பக்கத்தையும். கேட்டு முடிச்சதும் அவ முகம் மாறிச்சு. மூணு மாசமா நான் பாக்காத ஒரு தெளிவு.

"அப்ப யாரு மணி அடிச்சிருந்தாலும் எறங்கியிருப்பாங்க, இல்லையா அப்பா? என்னால இல்லை?"

"ஒன்னால இல்லைம்மா"ன்னேன். நானும் அதைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன்.

லயத்து வீட்டுல அக்காவைக் கட்டில்ல கிடத்திட்டு, வந்தவங்க எல்லாம் டீ குடிச்சுட்டுப் போனாங்க. நாங்க மூணு பேருதான். நிரோ கட்டிலுக்குக் கீழ தரையில ஒக்காந்து அக்கா கையைப் பிடிச்சா. வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்திருப்பா போல. "அத்தை. பெல் அடிச்சது... நான். நான்தான். சாரி அத்தை."

அக்கா அவ கண்ணைத் தொடச்சு விட்டுச்சு. பொறகு எங்க தோட்டத்துப் பேச்சுல கடகடன்னு சொல்லுச்சு.

"தெரியும்டி தங்கம். மணி கேட்டதும் திரும்பிப் பாத்தேனே. நீதான் முன்னுக்கு வந்த, பின்னால ஒன் கூட்டாளிப் புள்ளைக. நான் பாதையில நின்னா இது யாருன்னு கேப்பாங்க, நீ என்ன சொல்லுவ? புள்ள சங்கடப்படுமேன்னுதான் அவசரமா எறங்கினேன். இல்லாட்டி அவ்வளவு ஒசரத்துல எறங்குவனா? மத்தவங்களுக்கு நல்ல எடம் பாத்துத்தான் எறங்குவேன். பஸ்ஸுக்கு வரவேணாம்னு நீ எதுக்குச் சொன்னன்னும் எனக்குத் தெரியும். தம்பி குளிருன்னான், நானும் சரின்னேன். அதுக்கு எதுக்குடி அழுவுற?"

நிரோ என்னைப் பாத்தா. தங்கம்னும் தம்பின்னும் ரெண்டு சொல்லுதான் அவளுக்குப் பிடிபட்டிருக்கும். "அப்பா, என்ன சொல்றாங்க?"

"பழக்கதோஷமாம். யாரு மணி அடிச்சிருந்தாலும் எறங்கியிருப்பேன்னு சொல்றாங்க"ன்னு இங்கிலீசுல சொன்னேன்.

நிரோ அக்கா வயித்துல முகத்தைப் பொதைச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. அக்கா அவ தலையைத் தடவிக்கிட்டே என்னைப் பாத்துச்சு.

"நான் சொன்னதெல்லாம் சொல்லிட்டியாடா?"

"சொல்லிட்டேன் அக்கா."

நிரோவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அக்காவுக்கு எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்துலதான் இதை எழுதுறேன்.